பலியும் பங்கும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நண்பர்கள் ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ரோல்பிளேயிங் கேம் ஆடுகிறோம்: ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவது. கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான்தான். கதையில் இப்போது ஒரு மலைக்குடியின் விருந்து வருகிறது. அதில் எருது பலி வைக்கலாமா? பலி கொடுத்தால் பகடையில் விழும் எண்ணோடு எத்தனை போனஸ் சேர்த்துத் தருவது? இந்த ஆட்டங்களில் பலி என்றாலே வில்லன்களின் வேலையாகத்தானே வருகிறது? ஒரு நண்பர் சைவம் வேறு.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தாராளமாக வையுங்கள். சைவ நண்பரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அவருக்கு ஒப்பவில்லை என்றால் கத்தியைக் காட்டாமல் பந்தியிலிருந்து தொடங்குங்கள். அதுவும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், நண்பரைவிட எருது பெரிதில்லை. வில்லன் விஷயம் வெறும் சோம்பல். கறுப்பு அங்கி, கல்மேடை, கட்டிப்போட்ட கைதி என்று ஒரே காட்சியை எழுதிப் பழகிவிட்டார்கள். 1978-இல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற ஆட்டத்திலேயே நாயகர்களும் ஏதோவொரு தெய்வத்தின் வழிபாட்டுக் குழுவில்தான் இருந்தார்கள்.

கோபம் வந்தது போனஸ் கேள்வியில். எருதுக்கு இரண்டு, ஆட்டுக்கு ஒன்று என்று அட்டவணை போட்டால் உங்கள் தெய்வம் மளிகைக்கடைக்காரர் ஆகிவிடுவார். ஆடுகிறவர்கள் காசைக் கொடுத்துவிட்டுப் பையோடு போய்க்கொண்டே இருப்பார்கள்.

கத்தி இறங்குவது ஒரு நொடி. அப்புறம் கறியைப் பங்கு போட வேண்டும் அல்லவா? காட்சி அங்கேதான் இருக்கிறது. ஹோமரின் கிரேக்கர்கள் தொடை எலும்பைக் கொழுப்பில் சுற்றித் தெய்வத்துக்கு எரித்தார்கள், கறியைத் தாங்கள் தின்றார்கள். பலியும் விருந்தும் அவர்களுக்கு ஒரே காரியம். அந்தப் பந்தியில் யாருக்கு எந்தத் துண்டு என்பதுதான் யார் யார் என்பதைச் சொல்லும். பழைய கிரேக்கக் கதை ஒன்றில் ஈடிபஸின் மகன்கள் தந்தைக்குரிய தோள்கறியை அனுப்பாமல் இடுப்புக்கறியை அனுப்புகிறார்கள். ஒருவர் கையால் ஒருவர் சாகும்படி ஈடிபஸ் அவர்களைச் சபித்துவிடுகிறார். அயர்லாந்தின் பழங்கதையில் மாக் டா தோ என்பவர் வீட்டு விருந்தில் பன்றியை யார் அறுப்பது என்பதே சண்டை. கடைசியில் உல்ஸ்டர் நாட்டு வீரன் கோனல் அறுத்து, எதிர்த்தரப்பான கொனாக்ட் நாட்டு ஆட்களுக்கு முன்னங்கால்களை மட்டும் தள்ளிவிடுகிறான். உடனே வெட்டுக்குத்து. இதற்கெல்லாம் பகடையே தேவைப்படவில்லை, பாருங்கள்.

எங்கள் மேசையில் ஒருமுறை குடித்தலைவி தோள்கறியை வீரனுக்குத் தராமல் அவனுடைய குதிரைக்காரனுக்குக் கொடுத்தாள். வீரனாக ஆடியவர் பகடையைக் கையில் எடுத்தார், திரும்ப வைத்தார். "நான் எழுந்து போகிறேன்" என்றார். வீரன் போகிறானா, இவரே போகிறாரா என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. நல்லவேளை, வீரன்தான். அதற்குப் பிறகு பல மாதங்கள் எங்கள் கதை அந்த ஒரு துண்டுக் கறியைச் சுற்றியே ஓடியது. டிராகன்களை எல்லாரும் மறந்துவிட்டோம்.

தின்ன மறுக்கும் கதாபாத்திரம் யாராவது இருந்தால் இன்னும் நல்லது. 10-ஆம் நூற்றாண்டு நார்வேயின் மன்னன் ஹாகோன் கிறிஸ்தவன், குடிகளோ பழைய தெய்வங்களின் பக்கம். லாடே என்ற ஊரில் நடந்த பலிவிருந்தில் குதிரைக்கறியைத் தின்றே ஆக வேண்டும் என்று நெருக்கினார்கள். கறி வேண்டாம், சாறும் வேண்டாம், கொழுப்பும் வேண்டாம் என்றான். கைகலப்பாகும் நிலையில் ஒரு சமரசம்: அண்டாவின் பிடியில் ஆவி படிந்து கொழுப்பேறியிருந்தது, அதன்மேல் வாயைத் திறந்தால் போதும். மன்னன் பிடியில் ஒரு துணியைச் சுற்றிவிட்டு வாயைத் திறந்தான். இரண்டு தரப்புக்கும் திருப்தியில்லை என்கிறது பழைய நார்வே மன்னர் வரலாறு. இப்படி ஒரு காட்சி கிடைக்க உங்கள் மேசையில் எவ்வளவு நாள் தவம் கிடக்க வேண்டும்!

ஆகவே அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பங்குப் பட்டியல் எழுதுங்கள். அறுப்பவர் யார், தோள் யாருக்கு, ஈரல் யாருக்கு, எலும்போடு எழுந்து போகிறவர் யார். ஐந்து பேரில் ஒருவருக்காவது மரியாதைக் குறைவான துண்டு போகட்டும்.

போனஸ் கேட்டிருந்தீர்கள், இல்லையா? ஒன்று கொடுங்கள், போதும்.