இரண்டு ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று மோதுமா?

ஈய அணுக்கருக்களை வைத்து ஒளியோடு ஒளியை மோதவிட்டது உண்மையா, எங்கள் ஆசிரியர் நம்ப மறுக்கிறாரே என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அவரோடு வாதாடாதீர்கள். உங்களுக்குப் போவது மதிப்பெண். எனக்குக் கிடைக்கவிருந்த வேலையே போயிற்று.

2018இல் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் நேர்காணல். பெயர் வேண்டாம். "இரண்டு டார்ச் வெளிச்சங்கள் குறுக்கிட்டால் என்ன ஆகும்?" என்றார் நடுவில் இருந்தவர். "ஒன்றும் ஆகாது" என்று நிறுத்தியிருக்கலாம். "மிக அரிதாகச் சிதறும்" என்று சேர்த்துவிட்டேன். ஒளித்துகளான ஃபோட்டானுக்கு மின்னூட்டமே கிடையாதே, எப்படிச் சிதறும் என்று பிடித்துக்கொண்டார்.

கணநேரம் தோன்றி மறையும் எலக்ட்ரான், அதன் எதிர்த்துகளான பாசிட்ரான் வழியாக அது நடக்கும் என்றேன். இயற்பியலாளர்கள் ஹைசன்பெர்க்கும் ஹான்ஸ் ஆய்லரும் 1936இலேயே எழுதிய கணக்கு அது. அதைச் சோதிக்கத்தான் ஈயக் கரு: அதில் 82 புரோட்டான்கள். ஒளிவேகத்தை ஒட்டி அது பாயும்போது அதன் மின்புலமே ஃபோட்டான் கூட்டம்போல் உடன் செல்லும். இரண்டு கருக்கள் தொட்டுக்கொள்ளாமல் விலகிப் போகும்போது அந்தக் கூட்டங்கள் மோதலாம். தனிப் புரோட்டான்களைப் பாயவிட்டுப் பார்ப்பதைவிட வாய்ப்பு 82இன் நான்காம் அடுக்கு, ஏறத்தாழ நாலரைக் கோடி மடங்கு. அடையாளமும் எளிது: உணர்கருவி முழுக்க வெறிச்சோடிக் கிடக்க, எதிரெதிரே இரண்டே இரண்டு ஃபோட்டான்கள்.

"செர்ன் துகள் ஆய்வுக்கூடத்தில் எத்தனை பார்த்தார்கள்?" என்றார்.

"அங்கே அட்லஸ் உணர்கருவியை இயக்கும் குழு நானூறு கோடிக்கு மேற்பட்ட நிகழ்வுகளைச் சலித்து 13."

சிரித்தார்கள். அந்த 13இல் இரண்டு மூன்று வேறு காரணத்தால் வந்த போலியாக இருக்கும் என்பதையும் சொல்லித் தொலைத்தேன். அன்று இருந்த சான்று 4.4 சிக்மா (தற்செயலாக நேர்ந்திருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதற்கான அளவு), கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 வேண்டும். அவர்கள் சந்தேகப்பட்டதைக் குறை சொல்ல மாட்டேன். சிரித்திருக்க வேண்டாம்.

2019 மார்ச்சில் அதே குழு புதிய தரவோடு வந்தது: 59 நிகழ்வுகள், போலி ஏறத்தாழ 12, சான்று 8.2 சிக்மா. கட்டுரையை அச்செடுத்து அந்தக் கல்லூரிக்கு அனுப்ப உறைகூட வாங்கினேன். அனுப்பவில்லை.

"கருக்களோடு வந்தவை அவற்றின் மின்புலம்தான், மெய்யான ஃபோட்டான்களே அல்ல" என்று எழுதக் கிளம்புகிறவர்களுக்கு: தெரியும் ஐயா. மோதப் போனவை ஏறக்குறைய மெய்யானவை, சிதறி வந்து கருவியில் பதிந்தவை முழுக்க மெய்யானவை. டார்ச் விளக்கில் இது தெரியும் என்று நான் அன்றும் சொல்லவில்லை.

அன்று காலை ஒன்பது மணிக்கு வரச்சொல்லி மாலை நான்குக்குத்தான் உள்ளே அழைத்தார்கள். தேநீர் குழுவினருக்கு மட்டும். சான்றொப்பம் இட்ட நகல்கள் மூன்று தொகுதி கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்றுவரை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.