பொய் சொல்லும் குழந்தைக்கு எந்தக் கதை?

வணக்கம். ஆறு வயது மகளுக்கு பினோக்கியோ (பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பொம்மை), 'புலி வருது' கதைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் பொய் குறையவில்லை, நீதிக்கதைகளால் பயனே இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். பயன் உண்டு. ஆனால் இந்த இரண்டிலும் பொய் சொன்னவன் படும் பாடுதான் பெரிதாகத் தெரிகிறது. பார்த்துப் பின்பற்ற ஒரு நல்ல நாயகன் இல்லை.

கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர் காங் லீயின் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. 3 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம் இதே இரண்டு கதைகளும் எடுபடவில்லை. செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் ஒப்புக்கொள்ளும் சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் (பின்னாளில் அமெரிக்காவின் முதல் அதிபர்) கதையைக் கேட்டவர்கள்தான் கூடுதலாக உண்மை சொன்னார்கள். (அது பிற்காலத்தில் கட்டிய கதை என்பது வேறு விஷயம்.) அதே கதையைப் பொய்யின் கெட்ட விளைவைக் காட்டுவதாக மாற்றியதும் அந்தப் பலன் போய்விட்டது. தண்டனையைக் கேட்ட குழந்தை பயப்படக் கற்கிறது, அவ்வளவுதான். உண்மை சொன்னவனை அப்பா பாராட்டும் இடம்தான் முக்கியம்.

அதனால் தப்பு செய்து, பயந்து, பிறகு வாய் திறந்து சொல்லும் நாயகர்களைத் தேடுங்கள். தப்பே செய்யாத உத்தமர்கள் வேண்டாம், குழந்தைக்குச் சலிக்கும். கதை சொல்லும்போதோ படம் பார்க்கும்போதோ அந்த இடத்தில் நிறுத்தி, "இவனுக்கு இப்போ என்ன பயம்?" என்று கேளுங்கள். அப்புறம், அவளே வந்து உண்மையைச் சொல்லும் நாளில் முதலில் அதைப் பாராட்டுங்கள். உடைந்த பொருளைப் பற்றிப் பிறகு பேசலாம்.