அமெரிக்க ஓவியர் ராக்வெல்லின் சாரணர் ஓவியங்களில் சின்னப் பையன்களுக்குக் கற்றுத்தரும் மூத்த சாரணன் யார்?

அமெரிக்க சாரணர் இயக்கத்தில் அவனுக்கு 'டென் சீஃப்' என்று பெயர். சாரணரில் இளையவர்களான குருளையரின் சிறு குழுதான் டென். அதற்கு உதவ வரும் மூத்த சாரணன் டென் சீஃப். நார்மன் ராக்வெல் சாரணர் காலண்டருக்கு வரைந்த 'எ கைடிங் ஹேண்ட்' (1946) ஓவியத்தில், மூத்தவன் ஒருவன் குருளையனுக்கு முடிச்சுப் போடக் கற்றுத்தருகிறான்.

குழுவைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர் இருக்க, பையன் எதற்கு? இரண்டு கயிற்று முனைகளைச் சேர்த்துக் கட்டும் ரீஃப் முடிச்சையே பாருங்கள். முதலில் வலது முனை இடதின் மேல், அடுத்து இடது முனை வலதின் மேல். இரண்டு தடவையும் வலதையே மேலே போட்டால் முடிச்சு கோணிக்கொள்ளும், இழுத்தால் நழுவும். பழகிய பெரியவருக்கு இந்தக் குழப்பமே மறந்திருக்கும். போன வருஷம் அதே இடத்தில் தடுமாறியவனுக்கு மறக்காது. கணக்கில் வாத்தியாரிடம் புரியாததைப் பக்கத்து வீட்டு அக்கா இரண்டே வரியில் புரியவைப்பாளே, அந்த மாதிரி.

டென் சீஃப்தான் குழுவின் தலைவன் என்று பலர் நினைக்கிறார்கள். அவன் உதவியாளன் மட்டுமே, பொறுப்பு பெரியவர் ஒருவருடையது.