ரத்ததானக் குழுவில் பெண்கள் ஏன் தங்குவதில்லை?

கேள்வி: வேலூரில் 4 வருடமாக ரத்ததான வாட்ஸ்அப் குழு நடத்துகிறேன். 300 பேர் இருக்கிறோம். மாணவிகள், ஆசிரியைகள் ஆர்வமாகச் சேர்கிறார்கள். ஒரே மாதத்தில் சொல்லாமல் வெளியேறிவிடுகிறார்கள். விதிமுறை எழுதிப் போட்டும் பயனில்லை. என்ன செய்வது?
– வாசகர், காட்பாடி

பதில்: விதிமுறையை விடுங்கள், சிக்கல் நம்பரில் இருக்கிறது. 'ஓ நெகட்டிவ், நான் வருகிறேன்' என்று ஒரு பெண் எழுதியதும் அவர் நம்பர் 300 பேர் கையில். ரத்தம் கொடுத்துவிட்டு வந்து படுத்தவருக்கு இரவு 11 மணிக்கு 'கிரேட் சிஸ்டர், சாப்டீங்களா?' என்று வரும். மறுநாள் 'டிபி சூப்பர்'. நாலாம் நாள் அவர் குழுவில் இல்லை. உங்களிடம் சொன்னால் 'அவன் நல்ல பையன்தாம்மா' என்பீர்களோ என்று பயம், அதனால் சொல்லவும் மாட்டார்.

வாட்ஸ்அப் கம்யூனிட்டிக்கு மாறுங்கள். அதன் அறிவிப்புக் குழுவில் அட்மின்கள் மட்டுமே எழுத முடியும். உறுப்பினர் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது. பழைய குழுவைக் கலைத்துவிடுங்கள். பெண்களிடம் பேச ஒரு பெண் அட்மின் வேண்டும். அப்புறம், 'இன்று முடியாது' என்றால் ஏன் என்று கேட்காதீர்கள். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம், பெண்களுக்கு 4 மாத இடைவெளி வேண்டும். ஹீமோகுளோபின் 12.5 இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள். மாதவிலக்கு, பாலூட்டுவது இதையெல்லாம் ஊரே படிக்கும் இடத்தில் விளக்கச் சொல்வது கொடுமை.

புரோக்கர்கள் விஷயத்தில் மிகக் கவனம். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வருபவர்கள் இங்கே மொழி தெரியாமல் தவிக்கிறார்கள். அவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு, உங்கள் குழுவில் இலவசமாக ஆள் பிடிப்பவன் உண்டு. 'டோனர் லிஸ்ட் எக்ஸெல்ல அனுப்புங்க' என்று கேட்டால் உஷாராகிவிடுங்கள். பெயர், வயது, தெரு, நம்பர் உள்ள அந்த ஃபைல் கைமாறினால் திரும்ப வராது. காசு வாங்கி ரத்தம் கொடுப்பது 1998 முதலே தடை. யார் கேட்டாலும் லிஸ்ட் தராதீர்கள்.

தொல்லை தொடர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் தண்டனைச் சட்டத்தில், பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை தருவதற்கான 78ஆம் பிரிவு இருக்கிறது. முதல்முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. ஒன்றைக் கவனியுங்கள். வெறும் 'சாப்டீங்களா' என்றால், விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் அவன் திரும்பத் திரும்ப வர வேண்டும். அப்போதுதான் இந்தப் பிரிவு நிற்கும். அதனால் பிளாக் செய்யும் முன், 'எனக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள்' என்று ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். வந்த மெசேஜ்களை அழிக்கக் கூடாது. ஆபாசமாக எழுதினால், படம் அனுப்பினால் அந்த ஒரு வரிகூடத் தேவையில்லை. முதல் மெசேஜே குற்றம்.

எந்தக் காவல் நிலையமும் எல்லை பார்க்காமல் இந்தப் புகாரைப் பதிய வேண்டும், பெண் அதிகாரிதான் எழுத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் 'சைபர் கிரைமுக்குப் போங்க', 'டிபி ஏன் வெச்சீங்க' என்ற பேச்சை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எத்தனை சட்டம் வந்து என்ன! தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் செய்வது இலவசம். '2,000 கொடுங்க, நான் போட்டுத் தரேன்' என்பவரிடம் போகாதீர்கள்.

வெளியேறிய மாணவிகளை நீங்கள் அழைக்க வேண்டாம். எல்லாம் மாற்றிய பிறகு பெண் அட்மின் ஒரே ஒரு மெசேஜ் அனுப்பட்டும். பதில் வராவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள்.