பழைய டர்போ காரை எந்தப் போட்டியில் இறக்கலாம்?

கேள்வி: வணக்கம் அண்ணா. வீடு அல்சூர், வேலை ஒயிட்ஃபீல்டில். மூன்று வருஷத்துக்கு முன்னால் 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். ஒன்றை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து இப்போது நன்றாக ஓடுகிறது. போன மாதம் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு டிராக் டே (சொந்தக் காரை ரேஸ் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) போய்வந்ததிலிருந்து ரேஸ் ஓட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருக்கிறது. ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். இந்தக் காருக்கு ஏற்ற போட்டி எது?
- அல்சூர் வாசகர், பெங்களூரு

பதில்: அந்த 1.8 டர்போவை 2004-இல் நம் ஊருக்குக் கொண்டுவந்தபோது 150 குதிரைத்திறன் உள்ள பெட்ரோல் டர்போ செடான் என்பது இங்கே கிட்டத்தட்ட கேள்விப்படாத விஷயம். இன்றைக்கும் ஒரு நல்ல ஆர்.எஸ். பக்கத்தில் போனால் நான் திரும்பிப் பார்ப்பேன். அதனால்தான் அவசரப்பட்டு அதை வெட்டிவிடாதீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் நண்பர்கள் எல்லாரும் எந்தப் போட்டி என்றுதான் பேசியிருப்பார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, விதிப்புத்தகம் உங்கள் காரை எந்த வகுப்பில் தள்ளுகிறது என்பது. டர்போ கூடுதல் காற்றைத் திணித்து எஞ்சினின் பவரைக் கூட்டுவதால், டர்போ காரின் சி.சி.யை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஒரு எண்ணால் பெருக்குவார்கள். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதியில் பெட்ரோல் டர்போவுக்கு அந்த எண் 1.7. உங்கள் எஞ்சின் 1781 சி.சி., பெருக்கினால் 3028 வருகிறது, அதாவது மூன்று லிட்டர் எல்லையை வெறும் 28 சி.சி.யில் தாண்டிவிடுகிறது! முன்பு இந்த எண் 1.4-ஆக இருந்தது. 80-களின் குரூப் பி ராலி காரான லான்சியா டெல்டா எஸ்4-க்கு 1759 சி.சி. என்ற விநோதமான அளவு வந்ததே அதனால்தான், 1.4-ஆல் பெருக்கினால் 2463, இரண்டரை லிட்டர் வகுப்புக்குள் கச்சிதமாக உட்காரும். தொழிற்சாலைக்காரர்கள் எஞ்சினையே கணக்குக்கு ஏற்றபடி செய்துகொண்டார்கள். நமக்கு அந்த வசதி இல்லை, இருக்கிற எஞ்சின் எங்கே விழுகிறதோ அங்கேதான் ஓட வேண்டும்.

இந்த 1.7-ஐ எல்லாப் போட்டியும் பயன்படுத்துவதில்லை. சிலர் டர்போவுக்குத் தனி வகுப்பு வைப்பார்கள், சிலர் எல்லாவற்றையும் 'ஓப்பன்' என்ற ஒரே கூடையில் போட்டுவிடுவார்கள். அதனால் நடத்துகிற கிளப்பிடம் இந்த வருஷத்து சப்ளிமென்டரி ரெகுலேஷன்ஸை (அந்தப் போட்டிக்கான விதிகள்) வாங்கி, வகுப்புகள் உள்ள பக்கத்தை முதலில் படியுங்கள். ஓப்பன் வகுப்பில் 300, 400 குதிரைத்திறன் கார்களோடு நிற்க வேண்டியிருந்தால் அது உங்களுக்கான இடம் இல்லை.

இனி சர்க்யூட் ரேஸ். நம் தேசியப் போட்டிகளில் பல வருஷங்களாக ஓடியவை எஸ்டீம், ஹோண்டா சிட்டி, போலோ மாதிரி கார்கள். எஸ்டீம் 85 குதிரைத்திறன்தான், ஆனால் எடை 900 கிலோவுக்குள். உங்களுடையது ஏறக்குறைய 1300 கிலோ. டன்னுக்கு எவ்வளவு குதிரைத்திறன் என்று பார்த்தால் உங்கள் கார்தான் மேல், நேர் பாதையில் நீங்கள்தான் முன்னால் போவீர்கள். ஆனால் இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் சுற்றில் ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கூடுதல் எடையை நிறுத்துவது பிரேக், திருப்புவது முன் டயர். மூன்றாவது லேப்பில் பெடல் பஞ்சு மாதிரி ஆகும்போதுதான் இது உறைக்கும். எனக்கு அப்படித்தான் உறைத்தது, பிரேக் ஆயில் கொதித்துப்போய், காரை மணலில் இறக்கித்தான் நிறுத்தினேன். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரத்தை இழுத்த பிறகு 155 வரை இறங்கிவிடலாம். என் ஆயில் இரண்டு வருஷப் பழசு.

அதோடு, சர்க்யூட் ரேஸ் என்றால் ரோல் கேஜ் (காருக்குள் போடும் இரும்புக் குழாய்க் கூண்டு), ரேஸ் சீட், ஆறு பாயின்ட் பெல்ட் எல்லாம் வேண்டும். கேஜ் போட்ட காரில் ஹெல்மெட் இல்லாமல் ஊருக்குள் ஓட்டுவது ஆபத்து, சின்ன மோதலில்கூடத் தலை இரும்புக் குழாயில் அடிக்கும். சட்டமும் விடாது. நிறுவனம் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இலேயே சொல்லிவிட்டது. அப்புறம் காரை டிரெய்லரில் ஏற்றித்தான் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக முந்நூறு கிலோமீட்டர் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு தடவையும்.

அதனால் என் பதில்: முதல் இரண்டு வருஷம் காரை ஓட்டிக்கொண்டு போய், ஓட்டிக்கொண்டே வீடு திரும்பக்கூடிய போட்டிகளை மட்டும் எடுங்கள். டைம் அட்டாக்தான் என் முதல் தேர்வு. தனியாக ஓடுவீர்கள், கடிகாரம்தான் எதிரி. இரண்டு மூன்று வேகமான லேப் போட்டு உள்ளே வந்துவிடலாம். பழைய டர்போவுக்கு இது மிகவும் பொருந்தும், ஏனென்றால் டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் உங்கள் காரில் சின்னது, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. பங்குனி வெயிலில் பத்து லேப் விடாமல் ஓட்டினால் காற்று சூடாகி, இ.சி.யு. (எஞ்சினை நடத்தும் கணினி) தானே பவரைக் குறைத்துவிடும். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான், நேர் பாதைகளும் சின்னவை. பழகுவதற்கு அது நல்ல இடம்.

பெங்களூரைச் சுற்றி நடக்கும் ஆட்டோகிராஸும் (மைதானத்தில் போட்ட தற்காலிகத் தடத்தில் கடிகாரத்தோடு ஓட்டுவது) நல்லதுதான், ஆனால் பெரும்பாலும் மண் தரை. அந்த முன் பம்பர் உடைந்தால் உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோடு முழுக்க அலைந்தாலும் அசல் கிடைப்பது கஷ்டம். அதற்கு நண்பரின் ஸ்விஃப்டைக் கேளுங்கள்.

போவதற்கு முன்னால் டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றுங்கள், கிலோமீட்டர் குறைவு என்று விடாதீர்கள், ரப்பருக்கு வயசுதான் கணக்கு. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். வேக்குவம் குழாய்கள், டைவர்ட்டர் வால்வ், இக்னிஷன் காயில் இவற்றையும் பாருங்கள். வேகமான லேப் முடிந்ததும் ஒரு லேப் மெதுவாக ஓட்டி, நிறுத்திய பிறகும் ஒரு நிமிஷம் எஞ்சினை ஓடவிடுங்கள். உடனே அணைத்தால் டர்போ பேரிங்கில் நிற்கிற ஆயில் கருகிவிடும்.

இன்னொன்று. உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். ரேஸிலும் வேகச் சோதனையிலும் நடப்பதற்குப் பணம் தரமாட்டோம் என்று அதில் இருக்கும். சுவரில் மோதினால் மொத்தச் செலவும் உங்களுடையது.

கேள்வி: என்னிடம் 2011 லீனியா டி-ஜெட் இருக்கிறது. முதல் டைம் அட்டாக்குக்கு முன்னால் ரீமேப் செய்துவிடலாமா?
- செம்பூர் வாசகர், மும்பை

பதில்: வேண்டாம். 1368 சி.சி.யை 1.7-ஆல் பெருக்கினாலே 2326 ஆகிவிடுகிறது. அதற்கு மேல் ரீமேப்பும் (இ.சி.யு.வின் மென்பொருளை மாற்றிப் பவரைக் கூட்டுவது) செய்தால், பல இடங்களில் 'மாடிஃபைடு' வகுப்புக்குத் தள்ளிவிடுவார்கள். அந்தப் பணத்தில் நல்ல டயரும் பிரேக் பேடும் வாங்குங்கள். மீதி இருந்தால் ஹெல்மெட். அதில் ஸ்னெல் எஸ்.ஏ. முத்திரை இருக்கிறதா பாருங்கள், தீயைத் தாங்கும் உள்துணியோடு கார் ரேஸுக்காகவே வருவது அது. பைக் ஹெல்மெட்டின் முத்திரை எம்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கும் என் தம்பி 1987 போர்ஷே 944 டர்போ வாங்கியிருக்கிறான். '944 ஸ்பெக்' ரேஸில் சேரப்போகிறேன் என்கிறான். சரியா?
- ஜெயநகர் வாசகி, பெங்களூரு

பதில்: தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் அம்மா. 944 ஸ்பெக் என்பது டர்போ இல்லாத, 8 வால்வ், 2.5 லிட்டர் 944-களுக்கானது. அவருடைய காரை அதில் சேர்க்கவே மாட்டார்கள், பெயரைப் பார்த்து நிறையப் பேர் ஏமாறுகிற இடம் இது.

அவருக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அமெரிக்க போர்ஷே கிளப் 1992-இலிருந்து நடத்திவரும் கிளப் ரேஸிங். அங்கே எல்லாருமே போர்ஷேதான், இடித்தால் கடுமையான நடவடிக்கை உண்டு, அதனால் பழைய காரை நம்பி இறக்கலாம். இன்னொன்று, நாசா என்ற ரேஸ் அமைப்பின் ஜி.டி.எஸ். தொடர் (விண்வெளி நாசா இல்லை). அது ஜெர்மன் கார்களுக்கானது. சி.சி. கணக்கு கிடையாது, டைனோவில் ஏற்றி பவரை அளந்து, எடையோடு சேர்த்துப் பார்த்து வகுப்பைச் சொல்வார்கள். பூஸ்டை, அதாவது திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, கூட்டிக் குறைக்கக்கூடிய டர்போவுக்கு இதைவிட நியாயமான முறை இல்லை என்பது என் எண்ணம். அந்த 220 குதிரைத்திறனை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு வகுப்பில் நிதானமாகப் பழகலாம்.

எதில் சேர்வதாக இருந்தாலும், கட்டணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வார இறுதியில் வெறும் கையோடு போய் பிட்டில் (கார்களை நிறுத்திச் சரிசெய்யும் இடம்) நடந்துவரச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு 944 டர்போ நின்றால் அவற்றின் சொந்தக்காரர்களிடம் பேசட்டும். எந்தப் பாகம் எத்தனை ரேஸுக்கு ஒருமுறை போகிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரிடம் உதிரி டர்போ குழாய் இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.