ஆசிய விளையாட்டில் மெடல் வாங்கினால் கைக்கு எவ்வளவு வரும்?

கேள்வி: என் மகள் தேசிய முகாமில் இருக்கிறாள், 400 மீட்டர் தடை ஓட்டமும் ரிலேயும் ஓடுகிறாள். ஆசிய விளையாட்டில் மெடல் வாங்கினால் கோடியில் பணம் வரும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். நிஜமாகவே எவ்வளவு வரும், வரி போகுமா? அதை நம்பி இப்போது பயிற்சிக்கு வட்டிக்கு வாங்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து வாங்காதீர்கள். காரணம் கீழே.

கோடி என்பது ஒலிம்பிக் கணக்கு. தமிழ்நாடு அரசு ஒலிம்பிக் தங்கத்துக்கு 3 கோடி, வெள்ளிக்கு 2 கோடி, வெண்கலத்துக்கு 1 கோடி தருகிறது, பாராலிம்பிக்கிற்கும் அதே தொகைதான். 2024 பாரிஸில் வெள்ளி வென்ற துளசிமதி முருகேசனுக்கு 2 கோடி, வெண்கலம் வென்ற மனிஷா, நித்யஸ்ரீ, மாரியப்பன் மூவருக்கும் தலா 1 கோடி கொடுத்தார்கள். மாற்றுத்திறனாளி வீரர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் குறைக்காதது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஆசிய விளையாட்டுக்கு மாநில அரசு தந்து வந்திருப்பது தங்கத்துக்கு 50 லட்சம், வெள்ளிக்கு 30, வெண்கலத்துக்கு 20. மத்திய விளையாட்டு அமைச்சகம் தனியாக 30, 20, 10 லட்சம் தருகிறது. ஆக, தனிநபர் வெண்கலம் என்றால் இரண்டும் சேர்ந்து 30 லட்சம். ஹரியானாவில் ஆசிய தங்கத்துக்கே 3 கோடி, சொந்தக்காரர்கள் அந்தச் செய்தியைப் பார்த்துக்கூடச் சொல்லியிருக்கலாம்.

ரிலேயில்தான் கணக்கு மாறும். பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் தனியாகச் சுட்டு வாங்கிய வெண்கலத்துக்கு மத்திய அரசு 30 லட்சம் கொடுத்தது, சரப்ஜோத் சிங்குடன் ஜோடியாக வாங்கிய வெண்கலத்துக்கு ஆளுக்கு 22.5 லட்சம். அதனால் ரிலே மெடலுக்குத் தனிநபர் தொகை அப்படியே வரும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், அந்தந்த வருட விதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோச்சுக்கான பரிசு மத்திய திட்டத்தில் தனி, மகள் பணத்தில் இருந்து பிடிப்பதில்லை. முகாம் கோச் பெயரோடு, சின்ன வயதில் மகளை ஓடவைத்த ஊர் கோச்சுக்கும் இடம் உண்டா என்று பரிசுக்கான படிவம் போவதற்கு முன்பே கேளுங்கள், பிறகு திருத்துவது பெரும்பாடு.

சரி, வரி. மத்திய, மாநில அரசுகள் ஒலிம்பிக், காமன்வெல்த், ஆசிய விளையாட்டு மெடலுக்குத் தரும் பரிசுக்கு வருமான வரி கிடையாது. 1961 சட்டத்தில் இது பிரிவு 10(17ஏ). 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் என்பதால் பிரிவு எண்ணை ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தனியார் கம்பெனி மேடையில் தரும் காசோலை இதில் சேராது, அதற்கு வரி உண்டு. விளம்பர ஒப்பந்தப் பணமும் அப்படித்தான். சிங்கப்பூரில் பரிசில் 20 சதவீதத்தை விளையாட்டுச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும், மீதிக்கு வரியும் கட்ட வேண்டும் என்று படித்துப் பயப்படாதீர்கள், அது அந்த நாட்டு விதி.

இப்போது கடன் விஷயம். இந்தப் பணம் முழுக்க மெடலுக்குப் பிறகு வருவது. அறிவிப்புக்கும் காசோலைக்கும் நடுவே மாதக்கணக்கில் ஆகலாம், ஆனால் வட்டி மாதாமாதம் ஏறும். தொடைத் தசை ஒருமுறை பிடித்துக்கொண்டால் அந்த சீசனே போய்விடும், அந்த நேரத்தில் கடன்காரர் வீட்டுக்கு வந்தால் காயத்தோடு ஓடித்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி மகள் தலையில் விழும். தேசிய முகாமில் தங்குவதும் சாப்பாடும் அரசுச் செலவு. அதற்கு மேல் ஆகும் செலவுக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் எலைட் திட்டம், மிஷன் இன்டர்நேஷனல் மெடல்ஸ் திட்டம் இரண்டிலும் எதற்குத் தகுதி இருக்கிறது என்று கேளுங்கள். ஒலிம்பிக் மெடல் வாய்ப்புள்ளவர்களுக்கு உதவும் மத்திய அரசின் டாப்ஸ் திட்டப் பட்டியலில் முதன்மைக் குழுவில் இடம் கிடைத்தால் கைச்செலவுக்கே மாதம் 50,000 ரூபாய் வரும்.

அப்புறம், மகள் பெயரிலேயே வங்கிக் கணக்கும் பான் கார்டும் இப்போதே எடுத்து வையுங்கள், எந்தத் திட்டத்துக்குப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.