போக்கரில் ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி கிடைத்தும் ஃப்ளாப்புக்குப் பிறகு தோற்பது ஏன்?

கேள்வி கேட்டவரின் குறை இது: நோ-லிமிட் ஹோல்டமில் (ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, பந்தயத்துக்கு வரம்பு இல்லாத போக்கர் வகை) கையில் பெரிய ஜோடி வந்தால், ஜெயிக்கும்போது சில்லறையாக ஜெயிக்கிறார், தோற்கும்போது மொத்தத்தையும் விடுகிறார். நடுவில் முதல் மூன்று சீட்டு (ஃப்ளாப்) விழுந்த பிறகு எப்படி ஆடுவது என்கிறார்.

மன்னார்குடி பக்கம் எங்கள் வீட்டு மாடியில் பொங்கல் லீவில் நடக்கும் ஆட்டத்தை வைத்தே சொல்கிறேன். காசு கிடையாது, சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த பிளாஸ்டிக் சிப்ஸ்தான். (இணையத்தில் பணம் கட்டி ஆடலாமா என்று யாரும் கீழே கேட்க வேண்டாம். 2025-இல் வந்த மத்தியச் சட்டம் அதைத் தடை செய்துவிட்டது.) காசில்லாத ஆட்டத்தில் யாரும் சீட்டைக் கீழே வைத்து விலக மாட்டார்கள். ரம்மியில் கை சரியில்லை என்றால் பட்டென்று ஸ்கூட் விடுகிறவர்கூட இங்கே "ஃப்ளாப்பை மட்டும் பாத்துடுறேனே" என்று உள்ளே வந்துவிடுவார்.

பெரிய ஜோடிக்கு வினையே அங்கேதான். ஏஸ் ஜோடி ஒரே ஒருவரின் ஏதோ ஒரு கையை எதிர்த்து ஐந்து சீட்டும் விழும்வரை போனால் நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். எதிரே நான்கு பேர் என்றால் அதே ஜோடி 56 தடவைதான் ஜெயிக்கும்.

போன பொங்கலுக்கு நடந்த ஒரு கை. பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயம்) 5, 10. எல்லாரிடமும் 1000 சிப்ஸ். என் பெரியப்பா மகனுக்கு ஹார்ட்டின் ஏஸும் டைமன் ஏஸும். 30-க்கு ஏற்றினான், அவனோடு சேர்த்து ஐந்து பேர் நின்றார்கள். நடுவில் 150. ஃப்ளாப்பில் ஸ்பேடு ஒன்பது, ஸ்பேடு எட்டு, டைமன் நாலு. முன்னால் இருந்தவர்கள் எதுவும் போடாமல் செக் சொல்ல, இவன் 30 போட்டான். "பெருசா போட்டா ஓடிடுவாங்க" என்பது அவன் கணக்கு. இரண்டு பேர் அதே 30-ஐ வைத்துக் கால் செய்தார்கள், அதில் ஒருவர் சித்தப்பா. அடுத்து நாலாவது சீட்டாக (டர்ன்) விழுந்தது ஸ்பேடு மூணு. அதுவரை வாயே திறக்காத சித்தப்பா 200-ஐ எண்ணி முன்னால் தள்ளினார். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு நாள்கணக்கில் காத்திருந்து பழகிய மனுஷர், அவசரப்பட்டு எதையும் செய்யமாட்டார். இன்னொருவர் சீட்டைக் கீழே வைத்துவிட்டார். இவன் மட்டும், "ஏஸை எப்புடி சித்தப்பா கீழ வைக்கிறது?" என்று 200-ஐயும் வைத்தான். கடைசிச் சீட்டு (ரிவர்) ஹார்ட்டின் ரெண்டு. சித்தப்பா மிச்சம் 740-ஐயும் வைத்தார். இவனும் வைத்தான். அவர் காட்டியது ஸ்பேடு ராஜாவும் ஸ்பேடு அஞ்சும். நடுவில் கிடந்த மூன்றோடு சேர்த்து ஐந்து ஸ்பேடு, அதாவது ஃப்ளஷ்; ஏஸ் ஜோடி அதற்கு முன் நிற்காது.

எல்லாரும் டர்ன் சீட்டைத் திட்டினார்கள். என்னைக் கேட்டால் சனியன் ஃப்ளாப்பிலேயே பிடித்துவிட்டது. நடுவில் 180 கிடக்கும்போது 30 கொடுத்து அடுத்த சீட்டைப் பார்க்க, நூற்றுக்கு 14 தடவை ஜெயித்தாலே கட்டுப்படியாகும். ஃப்ளஷுக்குக் காத்திருப்பவருக்கு அந்தச் சீட்டு அடுத்ததாக விழ வாய்ப்பு 19. ஆக, சித்தப்பா கூட வந்தது சரியான ஆட்டம், அதற்கு வழி விட்டது இவன் போட்ட 30. அதுவே 100 போட்டிருந்தால் அவருக்கு 29 தேவைப்பட்டிருக்கும். அப்போதும் வந்திருப்பார், எங்கள் மாடியில் எல்லாரும் வருவார்கள். ஆனால் தப்பான விலை கொடுத்து வருவார், அந்தத் தப்பில்தான் ஏஸ் ஜோடிக்கு வருமானம். எனவே இரண்டு ஸ்பேடு, ஒன்பது-எட்டு என்று ஒட்டிக்கொண்டு வரும் ஃப்ளாப்பில் நடுவில் கிடப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் போடுங்கள்.

டர்னில் அவன் சீட்டைக் கீழே வைத்திருக்க வேண்டும். கையில் ஒரு ஸ்பேடு கிடையாது. செக், கால் என்று பின்னாலேயே வந்த ஆள் திடீரென்று பெரிதாகத் தள்ளினால், அல்லது நீங்கள் போட்டதன்மேல் ஏற்றினால், வீட்டு ஆட்டத்தில் பத்துக்கு ஒன்பது தரம் ஒற்றை ஜோடி அங்கே செல்லாது. ஏமாற்றுகிறாரோ என்ற சந்தேகத்தை டிவி போக்கருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விதிவிலக்கு சிப்ஸ் குறைவாக இருக்கும்போது. உங்களிடம் மிச்சம் இருப்பது நடுவில் கிடப்பதைப்போல மூன்று மடங்குக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஏஸோ ராஜாவோ உள்ளே போகட்டும். பத்து மடங்குக்கு மேல் இருந்தால் ஒற்றை ஜோடியை நம்பி எல்லாவற்றையும் வைப்பது ஆகாது. இதனால்தான் ஃப்ளாப்புக்கு முன்பே இந்த மாதிரிக் கூட்டத்தில் 30 போதாது, 70 போடச் சொல்கிறேன். ஆளும் குறையும், மடங்கும் குறையும்.

ராஜா ஜோடியில் எல்லாரும் பயப்படுவது ஏஸுக்கு. கையில் ராஜா ஜோடி இருக்கும்போது ஃப்ளாப்பில் ஏஸ் விழுவது நூற்றுக்கு 23 தடவைதான். விழுந்துவிட்டது, எதிரே ஒருவர் மட்டும் என்றால் சின்னதாக ஒரு தடவை போட்டுப் பாருங்கள், கால் வந்தால் அதோடு நிறுத்திச் செக் சொல்லிக்கொண்டே முடித்துக்கொள்ளலாம். மூன்று நான்கு பேர் இருந்து ஒருவர் பெரிதாகப் போட்டால் விட்டுவிடுங்கள். ஏஸ் கையில் இருந்தால், இன்னொரு சீட்டு எதுவாக இருந்தாலும் உள்ளே வருவதுதான் நம் ஊர் வழக்கம்.

மறைத்து ஆடுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். கையில் ராஜா ஜோடி, நடுவில் ராஜா, ஏழு, ரெண்டு, மூன்றும் வேறு வேறு ஜாதி என்றால் ஒரு சுற்று செக் சொல்லலாம். எதிராளிக்குப் பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. ஆனால் ஜோடிக்கு அப்படி மூன்றாவது சீட்டு ஃப்ளாப்பிலேயே கிடைப்பது எட்டு தடவைக்கு ஒன்றுகூட இல்லை. மற்ற நேரமெல்லாம் போடுங்கள். எதற்கும் கால் செய்கிற கூட்டத்திடம் ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது?

ராணியும் ஜாக்கியும் இன்னும் சங்கடம். ராணி ஜோடிக்கு மேலே ஏஸோ ராஜாவோ ஃப்ளாப்பில் விழுவது 41 தடவை, ஜாக்கிக்கு மேல்சீட்டு 57 தடவை. ஜாக்கி வைத்திருக்கும்போது ஒன்பது, அஞ்சு, ரெண்டு என்று விழுந்தால் ஏஸ் மாதிரியே தைரியமாகப் போடுங்கள். டர்னில் ராணி வந்தால் ஒரு செக். அதற்கு எதிராளி கொஞ்சமாகப் போட்டால் ஒரு தரம் பார்க்கலாம், ரிவரிலும் பெரிதாகப் போட்டால் விட்டுவிடலாம்.